துண்டு போட்டு வச்ச சேர்

பேய் பிசாசு, காத்து கருப்பு, இதுல எதுலயும் எனக்கு நம்பிக்கை கெடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். பதினோரு வருஷமா லினக்ஸ் சர்வர் பாக்குற வேலை. ஒரு மெஷின் மக்கர் பண்ணுச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் மெஷின் தானே எழுதி வைக்கிற லாக்ல எங்கயாவது ஒரு வரியா எழுதியிருக்கும், மனுஷன் பொய் சொல்லுவான் லாக் பொய் சொல்லாதுன்னு புதுசா வேலைக்குச் சேர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவ நான். அதனால இதக் கேட்டு நீங்க சிரிச்சா எனக்குக் கோவம் வராது, வேற யாராவது சொல்லியிருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன். முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க, அவ்வளவுதான்.

நான் மணமேல்குடிக்காரி. வாழ்க்கப்பட்டது அரிமளத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல. வீட்டுக்காரர் செல்வம் துபாய்ல இருக்காரு, மாமியார் நான் வர்றதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க, வீட்டுல நானும் மாமனாரும்தான். எனக்கு வீட்டுலேர்ந்தே வேலை. மேசைக்கு அடியில லினக்ஸ் போட்ட பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வச்சிருக்கேன், குடும்பத்து போட்டோ வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு.

பக்கத்து வீடு பெரிய மாமா வீடு, அதாவது எங்க மாமாவோட கூடப் பொறந்த அண்ணன். நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர். அண்ணனும் தம்பியும் பேசிக்கிறதில்ல. ஏன்னு கேட்டதுக்கு, "ஏதோ பழைய மனஸ்தாபம்"னு செல்வம் ஒரே வரியில முடிச்சிட்டாரு. எந்த வீட்டுலதான் இல்லன்னு நானும் நோண்டல. பெரிய மாமா எங்க கல்யாணத்துக்கு வரல. இத மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, அவரு வரவே இல்ல.

கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. இடது பக்கம் சுத்தமாப் போயிருச்சு, பேச்சும் போயிருச்சு. அவரோட ஒரே மக கவிதா, திருச்சியில டீச்சர், லீவு போட்டுட்டு வந்து அவரப் பாத்துக்கிட்டா. என்னை விடச் சின்னவ, அண்ணி அண்ணின்னு சுவர்ப் பக்கம் நின்னு மணிக்கணக்காப் பேசுவா. ஒரே ஒரு விஷயத்துலதான் எனக்கு அவ மேல எரிச்சல். நான் என்ன குடுத்தாலும் வாங்க மாட்டா. "இப்பதான் அண்ணி சாப்பிட்டேன்", "அப்பறம் வாங்கிக்கிறேன்". ஒரு தடவ மீன் கொழம்புக் கிண்ணத்த நீட்டிக்கிட்டே நிக்கிறேன், அவ ரெண்டு கையையும் துப்பட்டாவுல தொடச்சுக்கிட்டே நிக்கிறா, வாங்கல. ஆனா எங்க அண்ணன் ஊருலேர்ந்து வந்தப்ப, பஸ்ஸை விட்டு எறங்கி வர்ற வழியில அவ வாசல்லயே நின்னு பையிலேர்ந்து கருவாட்டுப் பொட்டலத்த எடுத்துக் குடுத்தாரு, அத மட்டும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா. டீச்சருக்கு என் சமையல்னா எளக்காரமாக்கும்னு மனசுக்குள்ள நல்லாத் திட்டுனேன்.

போன ஆனி மாசம் பெரிய மாமாவுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. ஒரு வாரம் பத்து நாள்தான், வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நர்சு வந்து இடது கையில டிரிப் ஊசி போட்டு பிளாஸ்திரி ஒட்டிட்டுப் போனாங்க. கவிதா டீச்சர் இல்லியா, என்னைக்குப் போட்டதுன்னு மறந்துரக் கூடாதுன்னு அந்தப் பிளாஸ்திரி மேல சிவப்புப் பேனாவால தேதி எழுதி அடியில ஒரு கோடும் போட்டுவிட்டா, நோட்டு திருத்துற மாதிரி. ஜன்னல் வழியாப் பாத்து நானே கிண்டல் பண்ணேன்.

மறுநாள் மத்தியானம் சுவர்ப் பக்கம் கூப்புட்டா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு.

"அண்ணி, அப்பா ஒங்க கல்யாணத்தப் பாக்கணும்ங்கிறாரு. செல்வம் அண்ணன் போட்டோவக் காட்டிக் காட்டி, கழுத்துல முடிச்சுப் போடுற மாதிரி கையால சைகை பண்றாரு. அண்ணனத் தோள்ல வச்சு வளத்ததே அப்பாதான் அண்ணி. ஒம்பது வயசு வரைக்கும் அவருக்கு எங்க வீட்டுலதான் சோறு."

இது எனக்குத் தெரியாது. செல்வம் சொன்னதே இல்ல.

இது ஒரு பெரிய வேலையான்னு கெளம்பிட்டேன். கவிதாகிட்ட ஒரு பழைய லேப்டாப் இருந்துச்சு, பேட்டரி செத்துப் போனது, வயர் மாட்டுனாத்தான் உசுரு வரும். அதுல லினக்ஸப் போட்டு, பெரிய மாமா கட்டிலுக்கு நேரா இருந்த டிவியில மாட்டுனேன். கல்யாண வீடியோ முப்பத்தெட்டு ஜிபி, அத இன்டர்நெட்ல ஏத்தி எறக்குறதுக்குள்ள விடிஞ்சிரும், அதனால எங்க வீட்டு ரூட்டர்லேர்ந்து சுவருக்கு மேல கேபிள இழுத்து, என் கம்ப்யூட்டர்ல இருக்குற போல்டர அந்த வீட்டுலேர்ந்தே எடுத்துக்குற மாதிரி ஷேர் பண்ணேன். இதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, பேரு சம்பா. மாமா கேட்டுட்டு, "சம்பாவா? கண்மாயிலதான் தண்ணியே இல்லியேத்தா"ன்னாரு. யாருக்குன்னு நான் சொல்லல, ஆபீஸ் வேலைன்னு நெனச்சுக்கிட்டாரு.

அந்தப் பக்கம் போல்டர் தெரியுது, பைல் பேரெல்லாம் தெரியுது. காப்பி குடுத்தா ஒரு செகண்டுல முடிஞ்சதுங்குது. தொறந்து பாத்தா பூஜ்யம். பேரு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல.

சரி, நமக்கு இதுதானே பொழப்பு. ரெண்டு மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசுதான்னு பிங் அடிச்சா பதில் அழகா வருது. வெளிய இருந்து வர்றதத் தடுக்குற ஃபயர்வாலை நிறுத்துனேன். பெர்மிஷன் மொத்தத்தையும் தொறந்துவிட்டேன், ஆபீஸ்ல எவனாவது அப்படிப் பண்ணியிருந்தா நானே கிழிச்சிருப்பேன். கேபிள மாத்துனேன், சம்பாவ எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். என் பக்கத்து லாக் 'முழுசாக் குடுத்துட்டேன்'ங்குது, அந்தப் பக்கம் பூஜ்யம். போன்ல அனுப்பிப் பாத்தோம், ஒரு சின்னத் துண்டு வீடியோதான், அதுவும் வட்டம் சுத்திக்கிட்டே கெடந்துச்சு. செல்வத்துக்குப் போன் போட்டா, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்"ங்குறாரு. எங்கிட்டயே!

கடைசியா கவிதா லேப்டாப்பையே தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டேன். இங்க வச்சு காப்பி பண்ணா ஜம்முன்னு ஏறுது. ஓட்டியும் பாத்தேன். மணமேடை, நான், செல்வம், முன்வரிசையில மாமா. மாமாவுக்குப் பக்கத்துல ஒரு காலிச் சேர். அதுல ஒரு பச்சைக்கரை துண்டு போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்கும். அந்தச் சேரப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும், எங்க சித்தி உக்கார எடமில்லாம நிக்கிறாங்க, முகூர்த்தம் முடியிற வரைக்கும் மாமா அதுல ஒருத்தரையும் உக்காரவிடல. சரி, வீடியோ நல்லா ஓடுதேன்னு லேப்டாப்ப மூடி, வாசல் வழியாச் சுத்திக் கொண்டுபோய் அந்த வீட்டுல மாட்டித் தொறந்தேன்.

பூஜ்யம்.

பென் டிரைவ்ல போட்டேன். இங்க பாத்தா முப்பத்தெட்டு ஜிபி. என் ஆபீஸ் லேப்டாப்பையும் கையில எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சொருகுனா பூஜ்யம். அதே பென் டிரைவ், அதே லேப்டாப், திரும்ப எங்க வீட்டுக்கு வந்து சொருகுனா முப்பத்தெட்டு ஜிபி. மூணு தடவ நடந்தேங்க. மத்தியானம் மூணு மணி, வெயில் மண்டையப் பொளக்குது, ரோட்டுல ஐஸ் வண்டி மணியடிச்சுட்டுப் போகுது. மூணாவது தடவ சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். பயமெல்லாம் இல்ல, பயப்படறதுக்கே புத்தி வேலை செய்யல.

அப்பவும் விடல. மொத்த போல்டரையும் ஒரேயடியா அனுப்பிப் பாத்தேன், ஆயிரக்கணக்குல போட்டோ. அதுல கொஞ்சம் முழுசாப் போயிருந்துச்சு! ஆஹான்னு எது போச்சு எது போகலன்னு லிஸ்டு எடுத்தேன். பேரு, அளவு, தேதி, எதுலயும் ஒரு ஒழுங்கு இல்ல. அப்பறம் படமாத் தொறந்து பாத்தாத்தான் தெரியுது. போனது எல்லாமே எங்கம்மா வீட்டுப் படம். மணமேல்குடிக் கடற்கரை, எங்கப்பாவோட படகு, அண்ணன் பிள்ளைங்க. போகாம நின்னது எல்லாமே இந்த வீட்டுது. இந்த வீட்டுப் பொங்கல், இந்த வீட்டுப் பசுமாடு, இந்த வீட்டுக் கல்யாணம்.

எனக்கு அந்தக் கருவாட்டுப் பொட்டலமும் மீன் கொழம்புக் கிண்ணமும் ஒண்ணா ஞாபகம் வந்துச்சு பாருங்க, பொட்டலம் எங்கம்மா வீட்டுது, கிண்ணம் இந்த வீட்டுது.

மாமா கொல்லையில மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு இருந்தாரு. சும்மா கேலியாக் கேக்குற மாதிரிதான் கேட்டேன்.

"ஏன் மாமா, இந்த வீட்டுச் சாமான் எதுவும் அந்த வீட்டுக்குப் போகாதா?"

வைக்கோல அப்படியே கீழ போட்டாரு. "யாருத்தா ஒனக்குச் சொன்னது? கவிதாவா?"

"யாரும் சொல்லல மாமா. கம்ப்யூட்டர்தான் சொல்லுது."

லிஸ்டக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். அவரு ஆடிப் போயி மாட்டுத் தொட்டி மேலயே உக்காந்துட்டாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். சுவரு கட்டுறப்ப நடுவுல நின்ன பலா மரத்துக் கெளைய வெட்டுனதுல தகராறு. பேச்சு முத்தி, கண்மாய்க்கரை கருப்பர் கோயிலுக்கே போயிட்டாங்க.

"நாந்தான்த்தா பண்ணேன். அண்ணே பேசாம நின்னாரு. நாந்தான் ஆங்காரத்துல சூடத்த ஏத்தி, கையால அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். எங்க வீட்டுலேருந்து பச்சத்தண்ணி கூட இனிமே அங்கிட்டுப் போகாது, அங்கிட்டிருந்து இங்கிட்டும் வராது, போகாம நீயே பாத்துக்கன்னு கருப்பருகிட்ட சொல்லிட்டேன். அன்னைலேருந்து நெருப்புக் கூட மாத்திக்கிட்டதில்ல."

"அத எடுக்க முடியாதா மாமா?"

"பண்ணுனவந்தான் போயி எடுக்கணும். போயி எடுத்து, நம்ம வீட்டுத் தண்ணியக் கொண்டுபோயி அவருக்குக் குடுக்கணும். எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போவேன்? ஒங்க கல்யாணத்துக்காவது வந்துருவாருன்னு நெனச்சேன்த்தா. சேர்ல துண்டப் போட்டு வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. "சத்தியம் பண்ணது நீங்க, அவரு எப்படி மாமா வருவாரு? அவரு அதக் காப்பாத்திக்கிட்டு அங்க கெடக்குறாரு. ரோசத்த வச்சுக்கிட்டு அவரு போனப்பறம் யாருக்குத் தண்ணி குடுக்கப் போறீங்க?"னு கேட்டுட்டேன். மாமனார்கிட்ட அப்படிப் பேசுனது அதுதான் முதல் தடவ. அவரு எந்திரிச்சு வைக்கோல எடுத்து மாட்டுக்குப் போட்டாரு. ரெண்டு நாள் என்கூடவும் பேசல. அந்த வீட்டுல நான் மிச்சம் இருந்த பூஜ்யப் பைல் எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்துட்டேன், பாக்கவே பிடிக்கல.

கவிதாகிட்ட கேட்டேன், "எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏண்டி வீடியோவக் கேட்ட?"ன்னு. "வீடியோதானே அண்ணி, அது என்ன தண்ணியா நெருப்பான்னு நெனச்சுட்டேன்"னா.

மூணாம் நாள் எங்க பக்கம் மாசாந்திர பவர் கட். ஒம்பது மணிக்குக் கரண்டு போனா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். என் யுபிஎஸ் பேட்டரி செத்து ரெண்டு மாசம் ஆச்சு, அதனால ஒம்பது அடிக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர நானே நிறுத்திட்டேன். பத்து மணிவாக்குல கவிதா கத்துற சத்தம். தண்ணி உள்ள எறங்க மாட்டேங்குது, கடவாயில வழியுதுன்னு. நான் ஓடுனேன். திரும்பிப் பாத்தா மாமா கெணத்தடியில ஒரு வாளித் தண்ணிய அப்படியே தலையில கவுத்துக்கிட்டு, ஈர வேட்டியோட சொம்புல தண்ணி மொண்டுக்கிட்டு கண்மாய்க்கரைப் பக்கம் போறாரு. செருப்பில்ல.

கோயில்ல சூடம் ஏத்தி, இந்தத் தடவ அணைக்காம அது தானா எரிஞ்சு முடியிற வரைக்கும் நின்னுருக்காரு. திரும்பி வந்து, எங்க வாசலத் தாண்டி, அந்த வாசப்படியில கால் வச்சப்ப ஒரு கணம் நின்னாரு. அப்பறம் உள்ள வந்தாரு. கட்டில் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, "அண்ணே"ன்னாரு. ஒரே வார்த்தைதான். கவிதா குடுத்த ஸ்பூனால சொம்புத் தண்ணிய வாயில விட்டாரு. எறங்குச்சு. தொண்டை அசையிறத நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். பெரிய மாமா வலது கையால தம்பி மணிக்கட்டப் பிடிச்சாரு, விடவே இல்ல. அந்த நேரம் பாத்து செல்வம் போன். நான் கட் பண்ணேன். மணி பதினொண்ணு நாப்பத்திரெண்டு.

அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துச்சு. என் கம்ப்யூட்டரப் போட்டுட்டு, சத்தியம்தான் எடுத்தாச்சே, இன்னொரு தடவ காப்பி குடுத்துப் பாப்போம்னு அந்த வீட்டுக்குப் போய் லேப்டாப்பத் தொறந்தேன். நான் ஒண்ணும் பண்ணல. கை வைக்கவே இல்ல. பைல் அங்க இருக்கு. முப்பத்தெட்டு ஜிபி, முழுசு. பைல் வந்து சேர்ந்த நேரம் பாத்தா பதினொண்ணு நாப்பத்திரெண்டு.

"கவிதா, இத யாரு ஆன் பண்ணா?"ன்னேன். "கரண்டே இல்லியே அண்ணி"ன்னா. பேட்டரி இல்லாத லேப்டாப், சொன்னேன்ல. ஓடி வந்து என் கம்ப்யூட்டர் லாக்கப் பாத்தேன். காலையில எட்டு அம்பத்தெட்டுக்கு நிறுத்துனது இருக்கு, சாயங்காலம் அஞ்சு அஞ்சுக்கு ஆன் ஆனது இருக்கு. நடுவுல ஒரே ஒரு வரி. பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு அந்த வீட்டு லேப்டாப் பைலக் கேட்டுச்சு, குடுத்தாச்சு. அந்தக் கேபிள்ல அவ்வளவு பெரிய பைல் போக ஒரு மணி நேரம் ஆகும். இது ஒரே நிமிஷத்துல போயிருக்கு. லைன்மேன் அண்ணனத் தேடிப் போய், நடுவுல ரெண்டு நிமிஷமாவது கரண்டு குடுத்தீங்களான்னு கேட்டேன். "நாங்க கம்பத்து மேல இருந்தோம்மா, எங்களக் கொல்லப் பாக்குறியா?"ன்னாரு.

அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து வீடியோ பாத்தோம். எங்க வீட்டுலேர்ந்து காப்பி போட்டுக் கொண்டுபோனேன், கவிதா ரெண்டு டம்ளர் குடிச்சா. மாமா அண்ணன் காலை மடியில வச்சுக்கிட்டு, டிவிப் பக்கமே திரும்பாம அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பெரிய மாமா கண்ணுலேர்ந்து தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. தாலி கட்டுற நேரத்துல வலது கைய ஒசத்தி டிவியக் காட்டுனாரு, ஏதோ சத்தம் போட்டாரு, சிரிக்கிற மாதிரி. "ஆமாப்பா, செல்வம் அண்ணன்தான்"னா கவிதா, டிவியப் பாக்காம அவரு கண்ணத் தொடச்சுவிட்டுக்கிட்டே. அவரு இல்லங்கிற மாதிரி தலைய ஆட்டிட்டுத் திரும்பவும் காட்டுனாரு. நான் காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு இருந்தேன், சரியாப் பாக்கல.

ஒம்பது நாள் கழிச்சு, தம்பி கையால தண்ணி குடிச்சுட்டு, தூக்கத்துலயே போயிட்டாரு.

காரியமெல்லாம் முடிஞ்சு கவிதா திருச்சிக்குக் கெளம்புறப்ப லேப்டாப்ப என்கிட்ட குடுத்தா. எனக்கு ஒரு பழக்கம், எந்தப் பைல காப்பி பண்ணாலும் அசலும் நகலும் ஒண்ணுதானான்னு ஒரு கமாண்டு போட்டுச் சரிபாப்பேன். உள்ள ஒரு புள்ளி மாறியிருந்தாக் கூடச் சொல்லிரும். போட்டேன். ஒண்ணா இல்ல. அளவு அச்சா ஒண்ணு, உள்ள இருக்குறது வேற. ரெண்டு ஸ்கிரீன்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டேன். மணமேடை ஒண்ணு, நான் ஒண்ணு, நாதஸ்வரம் ஒண்ணு. எங்க சித்தி எடமில்லாம நிக்கிறதும் அதே மாதிரிதான்.

என் கம்ப்யூட்டர்ல இருக்குறதுல மாமா பக்கத்துச் சேர் காலி, பச்சைக்கரை துண்டு கெடக்கு. அந்த வீட்டுக்குப் போனதுல துண்டு ஒருத்தர் தோள்ல இருக்கு.

பெரிய மாமாதான். வெள்ளைச் சட்டை போட்டு, மேடையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. எடிட்டிங்கா இருக்கும்பீங்க. நானும் அதத்தான் நெனச்சேன், யாரு பண்ணா, எப்பப் பண்ணான்னு தலைய உடைச்சுக்கிட்டேன். அப்பறம் படத்த நிறுத்திப் பெருசு பண்ணேன். இடது கை தொவண்டு மடியில கெடக்கு. எங்க கல்யாணத்தப்ப அவருக்குக் கை நல்லாத்தான் இருந்துச்சு, வாதம் வந்தது ரெண்டு வருஷம் கழிச்சு. இன்னும் பெருசு பண்ணேன். அந்தக் கையில ஒரு பிளாஸ்திரி. அதுமேல சிவப்புப் பேனாவுல, போன ஆனி மாசத்துத் தேதி. அடியில ஒரு கோடு.